ஒன்பது ஊர் மாப்பிள்ளை – 14: விடுங்க!

சென்ற வாரம் மாமனாரை விமான நிலையத்தில் நிற்க விட்டுவிட்டு வந்தோம். பதற வேண்டாம். ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய் அழைத்து வந்துவிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாகன நிறுத்துமிடத்தில் பதினேழு வண்டிகள் கோணலாக நிற்பதைக் கண்டுபிடித்து, எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முதல் தடவையே தேறியவர்கள் நான்கு பேர் என்பார்கள். ஐந்து என்பவர்களும் உண்டு. அந்த ஐந்தாமவரை நேரில் பார்த்தவர் யாருமில்லை. தேறாதவர்கள்மேல் அவர் கோபமே பட மாட்டார். "தம்பி, அடுத்த மாசம் வாங்க" என்பார். அவ்வளவுதான்.

பதினோரு வருடமாக மருமகனையும் அவர் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். அதே குரலில்.

சனிக்கிழமை காலை, சமையலறை மேஜையில் ரொட்டியும் முட்டையும் இருந்தன. எதிரில் மாமனார் இருந்தார்.

"தம்பிக்கு இன்னைக்கு லீவா?"

"இல்ல மாமா. மேட்ச்."

"மேட்ச் இருக்கட்டும். வேலைக்கு லீவான்னு கேட்டேன்."

"அதுதான் மாமா வேலை."

"ஓ," என்றார் மாமனார். பதினோரு வருடமாக இந்த உரையாடல் தொலைபேசியில் நடந்துகொண்டிருந்தது. நேரில் நடப்பது இதுவே முதல் முறை.

அவன் தொழில்முறைக் கால்பந்துக்காரன். லெஃப்ட் பேக். அதாவது, தன் அணியின் கோலுக்கு முன்னால் இடது ஓரமாக நின்று, வருகிறவனை எல்லாம் வர விடாமல் தடுக்கிற உத்தியோகம். பதினோரு வருடத்தில் ஏழு நாடு, ஒன்பது ஊர். மீதி இரண்டு வருடம் முழங்கால் காயம். எந்தக் கிளப்பும் அவனை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு சீசன் முடிந்ததும் அன்பாகக் கைகுலுக்கும். அந்தக் கைகுலுக்கலின் அழுத்தத்தை வைத்தே, கிளம்ப எத்தனை நாள் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் அவன் மனைவி.

அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. கடைவாய்ப் பல், முன்பல், முழு செட் என்று எதுவானாலும் அச்சு அசலாகச் செய்துவிடுவாள். பல் எல்லா நாட்டிலும் விழுகிறது என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் பத்து நாளில் அவளுக்கு வேலை கிடைத்துவிடும்.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அணி இரண்டாம் பிரிவிலேயே இருக்கும். அவனுடைய ஒப்பந்தமும் தானாக இன்னொரு வருடம் நீளும். தோற்றாலும் சரி, சமன் ஆனாலும் சரி, அணி கீழே போகும். அவன் குடும்பம் வெளியே போகும்.

மடித்த அட்டைப்பெட்டிகள் ஏற்கெனவே குளிர்பெட்டி ஓரமாக வந்து சாய்ந்திருந்தன. மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் மனைவியின் கையெழுத்தில் எண் உண்டு. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஏழாம் எண் பெட்டி மட்டும் எந்த ஊரிலும் பிரிக்கப்பட்டதில்லை. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தின நாள் மாமனார் தம் கையாலேயே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தது. "ஒரு இடத்துல நிலையா உட்கார்ந்ததும் பிரிங்க" என்று சொல்லியிருந்தார். நிலையாக என்றால் என்ன கணக்கு? ஒரே ஊரில் இரண்டாவது வருடம் உறுதியானால் நிலை என்று மனைவி சட்டம் போட்டாள். அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் வாய்ப்புதான் இதுவரை வரவில்லை.

உள்ளே குக்கர் இருக்கிறது என்பது மனைவியின் கட்சி. பூனை என்பது மகளின் கட்சி. பதினோரு வருடம் பூனை சாப்பிடாமல் இருக்காது என்று விளக்கிய பிறகு, பொம்மைப் பூனை.

"தாத்தா, ஏழாம் நம்பர்ல என்ன வெச்சீங்க?" என்றாள் மகள். அவளுக்குப் பத்து வயது.

"மறந்துபோச்சும்மா," என்று மாமனார் டீயை அவசரமாகக் குடித்தார். எவன் எந்த வளைவில் சிக்னல் போடவில்லை என்பதை முப்பது வருடம் கழித்தும் தேதியோடு சொல்லக்கூடிய மனிதர்.

மகள் போய்த் தன் அறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அங்கே பென்சிலால் ஒரு கோடு இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த அன்று அவள் இருந்த உயரம் அது. அவள் வாழ்ந்த ஒவ்வொரு வீட்டிலும் கதவு நிலையில் இப்படி ஒரு கோடு இருக்கிறது. எந்த வீட்டிலும் இரண்டாவது கோடு இல்லை.

"அப்பா, இன்னைக்கு ஜெயிச்சா இதுலயே இன்னொண்ணு போடலாம்ல?"

"நான் பெஞ்ச்லதான்டா உட்காருவேன். ஜெயிக்கிறது மத்தவங்க கையில."

"கால்ல," என்று திருத்தினாள் மகள்.

*

அணியில் அவனுக்குப் பெயர் "விடு".

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவனும் மனைவியும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் இருவருக்குள்ளும் மரியாதை வளர இடமிருக்கவில்லை. அவன் நடுவரைத் திட்டிவிட்டு வந்தால் அவள் "விடு" என்பாள். பயிற்சியாளர் உட்கார வைத்துவிட்டார் என்று புலம்பினால் "விடு". இந்தக் கிளப்புக்கு வந்த முதல் வாரம், உடை மாற்றும் அறையில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷூ கட்டிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடப் பேச்சில் அவள் பதினான்கு முறை "விடு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் அதுதான் அவன் வீட்டுப் பெயர் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் அவன் அலமாரியில் அந்தப் பெயரை ஒட்டியிருந்தார்கள். திருத்தும் அளவுக்கு அந்த ஊர் மொழி அவனுக்குத் தெரியாது. தெரிந்தது நாற்பது வார்த்தை. அதில் பாதி நடுவர்களுக்கு ஆகாதவை.

இந்த வாரம் அதிலும் ஒரு சிக்கல். அப்பா வந்ததிலிருந்து மனைவி அவனை "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் "சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவன் சட்டை மாற்றிக்கொண்டு போனான்.

*

மைதானம் சின்னது. ஆறு படிவரிசை. கூட்டம் மிஞ்சினால் அறுநூறு. மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு நேர் பின்னால், கை நீட்டினால் தலையில் குட்டலாம் என்கிற தூரத்தில், அவன் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மாமனார் நோட்டைத் திறந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் பார்க்கும் முதல் கால்பந்து ஆட்டம்.

"அந்த உயரமான பையன் கண்ணாடியே பார்க்காமத் திரும்புறான்."

"தாத்தா, அவங்களுக்குக் கண்ணாடி கிடையாது."

"அதான் பாரு, இவ்வளவு மோதல்."

அவன் திரும்பவில்லை. ஆட்டத்தின்போது பின்னால் பார்த்துப் பேசக்கூடாது என்பது பயிற்சியாளரின் உத்தரவு. ஆனால் பயிற்சியாளரே இரண்டு முறை பின்னால் பார்த்தார். பிறகு அவன் காதருகே குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"அந்த நோட்டுக்காரர் யார்? ஆட்களை எடை போடுகிறவரா?"

அவன் யோசித்தான். முப்பத்திரண்டு வருடம். "ஆமாம்," என்றான். "ரொம்பக் கறார்."

பயிற்சியாளர் முகம் வெளிறியது. இடைவேளையில் அவர் ஆட்டக்காரர்களிடம் ரகசியமாக ஏதோ சொன்னார். அரங்கில் பெரிய கிளப்பின் ஆள் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார் என்பது அதன் சாரம். ஒரு கோல் பின்தங்கியிருந்த அணி, இரண்டாம் பாதியில் பேய் பிடித்தது போல ஓடியது. அறுபதாவது நிமிடத்தில் சமன் செய்தது. கோல் போட்ட முன்கள வீரன் நேராக மாமனாரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அந்தப் பல், தன் மகள் செய்த பல் என்பது மாமனாருக்குத் தெரியாது.

"தடம் மாறும்போது சிக்னல் இல்லை," என்று எழுதிக்கொண்டார்.

எழுபத்தொன்பதாவது நிமிடத்தில், ஆடிக்கொண்டிருந்த லெஃப்ட் பேக் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

"விடு!"

அவன் கோட்டோரம் வந்து நின்றான். அவ்வளவுதான், அறுநூறு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். "விடு! விடு! விடு!"

பின்னால் மாமனார் பதறுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா இது? இன்னும் இறங்கவே இல்லை. அதுக்குள்ள ஊரே கூடி விடச் சொல்லுது?"

"அது அவர் பேருப்பா."

"பேரா? யார் வெச்சது?"

மனைவி மைதானத்தைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தாள்.

"அம்மாதான்," என்றாள் மகள்.

*

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் அவன் மஞ்சள் அட்டை வாங்கினான். காரணம், பேச்சு. நாற்பது வார்த்தையில் நடுவர்களுக்கு ஆகாத பாதியிலிருந்து மூன்றை எடுத்துப் பயன்படுத்தியிருந்தான். இன்னொரு மஞ்சள் வந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

எண்பத்தொன்பதாவது நிமிடம் அவன் அணிக்குக் கார்னர் கிடைத்தது. எல்லோரும் எதிரணிக் கோலின் முன்னால் போய்க் குவிந்தார்கள். கோல் அடிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்காதவர்கள் நிற்கும் இடத்தில், முப்பது அடி பின்னால் அவன் நின்றான். ஒன்பது கிளப், முந்நூற்று எழுபது சொச்சம் ஆட்டம். அதில் அவன் அடித்தது இரண்டு கோல். இரண்டும் சொந்த வலையில்.

பந்து உயர்ந்து வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் தலையால் முட்டி வெளியே தள்ளினான். அதே நொடியில் இன்னொருவன் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். டர்ரென்று கிழிந்தது. நடுவர் பார்த்தார். பார்த்துவிட்டு, வானத்தையும் பார்த்தார்.

அவனுக்கு உச்சந்தலையில் ஏறியது. கிழிந்த கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடுவரை நோக்கித் திரும்பினான். வாய் திறந்தாயிற்று. நான்காவது வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது.

"விடுடா!"

மனைவிதான். ஒரு வாரமாகக் கட்டிக் காத்த மரியாதை ஒரே வார்த்தையில் போய்விட்டது. இதன் பொருள்: வாயை மூடு.

"விடு! விடு!" என்று அறுநூறு பேர் அலறினார்கள். இதன் பொருள்: ஐயா, பந்து உன்னிடம்தான் வருகிறது.

அவன் திரும்பினான். பந்து குதித்துக் குதித்து அவன் இடது காலைத் தேடி வந்துகொண்டிருந்தது. நிறுத்துவதா, பக்கத்தில் தட்டுவதா, பின்னால் அனுப்புவதா என்று அவன் பதினோரு வருடப் பழக்கத்தில் யோசிக்க ஆரம்பித்தபோது, எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. ஓடுகிற வண்டியை ஒரே சொல்லில் நிறுத்திய குரல் அது.

"விடுங்க மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை.

சட்டை மறந்துபோனது. நடுவர் மறந்துபோனார். மூச்சு விடுவது உண்டு, ஏப்பம் விடுவது உண்டு, கதை விடுவது உண்டு. ஓங்கி ஒன்று விடுவதும் உண்டு. அவன் கடைசியில் சொன்னதைத் தேர்ந்தெடுத்தான்.

பந்து உயரவே இல்லை. தரையோடு தரையாக, ஏழெட்டுக் கால்களுக்கு நடுவே, யாருக்கும் தொந்தரவு தராமல் போய், கோல் கம்பத்தின் உள்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வலைக்குள் உட்கார்ந்தது.

மைதானம் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு கூரையே பெயர்ந்துவிடும் போல ஆனது.

கொண்டாடுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. இதுவரை போட்ட இரண்டு கோலுக்கும் செய்ததையே செய்தான். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இதுதான் விடுவின் கொண்டாட்டம் என்று சக ஆட்டக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். ஒன்பது பேரும் ஓடிவந்து சுற்றி நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கோல்கீப்பர் அந்தக் கோடியில் தனியாக வைத்துக்கொண்டார். பயிற்சியாளர் வைத்தார். அறுநூறு பேரும் எழுந்து, பறிகொடுத்தவர்கள் போலத் தலையில் கை வைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

*

விசில் ஊதியதும் அவன் தடுப்புக் கம்பியருகே வந்தான். மகள் கம்பிக்கு மேலாகவே அவன் கழுத்தில் தாவினாள். மனைவி கிழிந்த சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். "தைக்க முடியாது," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும், "தைக்கவே முடியாது," என்றாள்.

அவன் மாமனாரிடம் திரும்பினான்.

"மாமா, சரியான நேரத்துல சொன்னீங்க. ஓங்கி விட்டேன்."

"அதையா சொன்னேன்?" என்றார் மாமனார். "வழி விடுங்கன்னு சொல்ல வந்தேன். உங்களுக்குப் பின்னாடி வலது பக்கமா ஒருத்தன் வேகமா வந்தான். முதல்ல போற உரிமை அவனுக்குத்தான். 'வழி' தொண்டையிலயே நின்னுடுச்சு."

அவர் நோட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "பின்னால் பார்க்கவில்லை. சைகை காட்டவில்லை. அதிகாரியோடு வாக்குவாதம், ஒருமுறை. வாக்குவாத முயற்சி, ஒருமுறை." நோட்டை மூடினார். "ஆனா, பாஸ்."

"தாத்தா, அப்பா பாஸ் பண்ணலை. ஷூட் பண்ணார்."

"உனக்கு அது புரியாதும்மா."

அவனுக்குப் புரிந்தது. அவரிடம் முதல் தடவையே தேறியவர்களில் ஆறாவது ஆள்.

"அப்பா," என்றாள் மனைவி மெதுவாக, "நீங்க இவரை 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டீங்க."

"நீ 'டா' போட்டுக் கூப்பிட்டே."

"விடுங்கப்பா," என்றாள் அவள்.

கிளப் செயலாளர் வந்து கைகுலுக்கினார். மனைவி அந்தக் கைகுலுக்கலை ஓரக்கண்ணால் கவனித்தாள். அழுத்தம் புதுவிதமாக இருந்தது. கூடவே "அடுத்த வருடம்" என்ற இரண்டு வார்த்தைகளும் வந்தன. அவன் நாற்பதில் அவையும் இருந்தன.

*

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்ற விடவில்லை மகள். கதவு நிலையில் விறைப்பாக நின்றாள். மாமனார் நோட்டை அவள் தலைமேல் மட்டமாக வைத்துப் பிடித்தார். "குதிகாலைத் தூக்காதே. அது மோசடி." அவன் பென்சிலால் கோடு போட்டான். பழைய கோட்டுக்கு மூன்று விரற்கடை மேலே.

ஒரே கதவில் இரண்டு கோடு.

மனைவி அந்த இரண்டு கோட்டையும் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவளாக, குளிர்பெட்டி ஓரம் சாய்ந்திருந்த அட்டைகளை எல்லாம் அள்ளிக் கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டாள். திரும்பி வரும்போது கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"ஏழாம் நம்பர்," என்றாள்.

மகள் கைதட்டினாள். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தான். மாமனார் டீ கேட்டார். டீ கையிலேயே இருந்தது.

"இப்பவே எதுக்கு? நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"நீங்கதானப்பா சொன்னீங்க, நிலையா உட்கார்ந்ததும் பிரிங்கன்னு."

"சொன்னேன். நீங்க உட்காருவீங்கன்னு யாரு கண்டா?"

கயிறு அறுந்தது. ஒன்பது ஊர் பார்த்த ஒட்டுநாடா முனகிக்கொண்டே பிரிந்தது. மூடி திறந்தது. துணியில் சுற்றிய ஏதோ ஒன்று, குக்கரைவிடச் சிறியது, பூனையைவிடக் கனமானது. அதன்மேல் மடிக்காத ஒரு தாள். பழுத்துப்போன அரசாங்கத் தாள், ஓட்டுநர் தேர்வுக்குப் பூர்த்தி செய்கிற அதே படிவம். கையெழுத்து மாமனாருடையது. தேதி, கல்யாணத்துக்கு மறுநாள்.

மகள் குனிந்து உரக்க வாசித்தாள். "விண்ணப்பதாரர்: மருமகன். ஓட்ட வேண்டிய வண்டி: குடும்பம். முடிவு..."

அதற்குள் ஒரு உள்ளங்கை வந்து தாளை மூடியது. மாமனார் தாளை உருவி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மாமா," என்றான் அவன், கையை நீட்டி. "விடுங்க."

மாமனார் விடவில்லை. முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் முதல் முறையாக, கண்ணாடி பார்க்காமல், சைகையும் காட்டாமல், விறுவிறுவென்று பின்னால் நகர ஆரம்பித்தார்.